காசு வாங்காமல் சொன்ன யோசனை

நிதி ஆலோசகர் பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் உங்களில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், எல்லா விவரமும் இப்போது போனிலேயே கிடைக்கிறது. அவரவர் பணத்தை அவரவரே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் எதற்காக ஒருத்தர் நமக்குக் காசு கொடுத்து யோசனை கேட்க வேண்டும்?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன். அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கிற பதில் ஒரு சம்பவம். மைக் முன்னால் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற சம்பவம் அல்ல. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்காக எழுதுகிறேன்.

மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் பிறந்தவள் நான். லயம் என்றால் தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடுகள். மிஷன் ஹாஸ்டலில் தங்கி பி.காம். முடித்தேன். எழுபதுகளின் நடுவில், மாநில எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு வரி ஆலோசகரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. சார் என்றே சொல்கிறேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதியை அவர் சொல்லிக்கொடுத்தார். மீதியை அவருக்கு நேர்ந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

உரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். கடலை மண்டிக்காரர்களும் எண்ணெய்ச் செக்குக்காரர்களும் விற்பனை வரிக் கணக்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்குக் கூலி கொடுக்க யாரும் தயங்கியதில்லை. ஆனால் சாருக்கு வேறொரு ஆசை இருந்தது. நிலம் விற்ற பணம், ரிட்டயர் ஆன பணம், மகன் வெளியூரிலிருந்து அனுப்பும் பணம் என்று கையில் தொகை வைத்திருப்பவர்களுக்கு அதை என்ன செய்யலாம் என்று யோசனை சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கட்டணம் வாங்க வேண்டும். வாசலில் சின்னதாக ஒரு போர்டும் வைத்திருந்தார்.

ஒருத்தரும் கட்டணம் கொடுக்கவில்லை. "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்றதுக்குக் காசுங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். வக்கீலுக்குக் கொடுப்பார்கள், வைத்தியருக்குக் கொடுப்பார்கள், ஜாதகம் பார்க்கிறவருக்கு வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார்கள். சொந்தப் பணத்தைப் பற்றி இன்னொருத்தர் சொல்லுகிற வார்த்தைக்கு விலை உண்டு என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். பட்டினி கிடந்து சேர்த்தவனுக்குத் தன் பணத்தைத் தன்னைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் வருவது நியாயம்தான்.

அந்தச் சமயத்தில்தான் எல்லைக்கு அந்தப்புறம் புதிதாகத் திறந்திருந்த ஒரு பைனான்ஸ் கம்பெனியின் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. பேங்கில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு வட்டி தருவதாகச் சொன்னார். "சார் யார்கிட்டயும் கட்டணம் கேக்க வேண்டாம். எங்ககிட்ட அனுப்பி வைங்க. உங்களை நாங்க பாத்துக்கறோம்."

சார் சில வாரங்கள் யோசித்தார். அப்புறம் வாசல் போர்டைக் கழற்றிவிட்டார்.

அடுத்து நடந்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். சாரின் பெயர் பரவியது. 'காசே வாங்காம யோசனை சொல்ற மனுசன்' என்று கோபாலபுரம் வரைக்கும் பேசினார்கள். கோயில் திருவிழாவில் மாலை போட்டார்கள். மாடிப்படியில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தொகையில் பெரும்பங்கு அந்தக் கம்பெனிக்குப் போயிற்று. மாதா மாதம் கம்பெனி ஆள் வந்து சாரின் மேஜை மேல் ஒரு கவரை வைத்துவிட்டுப் போவார். என் கண்முன்னால்தான் வைப்பார். அதில் ஒளிவு மறைவு கிடையாது. அந்தக் கவர் எங்கிருந்து வருகிறது என்று படியேறி வந்தவர்களுக்குத்தான் தெரியாது.

ஒன்றரை வருஷம் இப்படி நடந்தது. வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கம்பெனி ஆளின் பேச்சில் மட்டும் அவசரம் ஏறியது. முதலில் மாதம் ஒரு தடவை வந்தவர் வாரம் ஒரு தடவை வந்தார். கமிஷனைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். அவர் போன பிறகு சார் பேனாவை உருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என்ன யோசிக்கிறார் என்று எனக்கு ஓரளவு தெரியும். வாய்விட்டு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சார் சாப்பிடப் போயிருந்தபோது படியேறி வந்தவர் யேசுவடியான் மாமா.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். என் அப்பாவோடு ஒரே லயத்தில் இருந்தவர். ரிட்டயர் ஆகியிருந்தார். எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனால் வேலையோடு வீடும் போய்விடும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. வருஷங்களாக அடுப்பெரிந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கையில் பி.எஃப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் வைத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நிற்க வேண்டும். மாமா அப்படித்தான் வந்திருந்தார். விடிகாலையில் கிளம்பி, உடுமலைப்பேட்டை வந்து, பொள்ளாச்சி வந்து, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

"ஏ புள்ள, ஒங்க சாரு துட்டு வாங்காம யோசனை சொல்லுதாராமே. ஒங்கப்பாதான் சொன்னான். அதான் வந்தேன்."

சார் திரும்பி வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கம்பெனியைப் பற்றி மாமாவிடம் சொன்னால், எனக்குச் சம்பளம் கொடுக்கிறவரை அவர் முதுகுக்குப் பின்னால் காட்டிக்கொடுத்ததாகும். அந்தக் கம்பெனி ஆட்டம் காண்கிறது என்பதற்கு என்னிடம் நிரூபணமும் இல்லை. சொல்லாமல் விட்டால், ஒரு மனிதரின் ஆயுள் சம்பாத்தியம் எங்கே போகும் என்று தெரிந்தும் வாய் மூடியிருந்தவள் ஆவேன்.

கீழே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"மாமா, நீங்க அவருக்குக் காசு குடுத்துக் கேளுங்க."

"வாங்க மாட்டாருன்னுல்லா சொன்னாவ?"

"வேண்டாம்னுதான் சொல்வாரு. நீங்க மேசை மேல வச்சிருங்க. எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீங்க."

"எதுக்குப் புள்ள?"

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க மாமா."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஆயுள் முழுக்க ஆட்களை வேலை வாங்கியவர் அவர். காய்ச்சலோடு வந்தவள் யார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் யார் என்று முகம் பார்த்தே சொல்லிவிடுவார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, செய்வோம்" என்றார்.

சார் வந்தார். மாமா எதிரில் உட்கார்ந்தார். விவரம் சொல்வதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எதுக்குங்க இது? நான் வாங்கறதில்லீங்களே. எடுத்துக்கங்க," என்றார் சார்.

"இருக்கட்டும் சார்."

"உங்க எஸ்டேட்டுப் புள்ளை இங்க வேலை பாக்குது. நீங்க நமக்கு வேண்டியவங்க."

"வேண்டியவங்கன்னா கல்யாணங் காச்சிக்கு வாங்க சார், சந்தோசம். இது நான் மழையில நனைஞ்சு சேத்த துட்டு. வைத்தியருக்குக் குடுக்கோம்லா, அது மாதிரி வச்சுக்கிடுங்க. நீங்க வாங்குனாத்தான் நான் தைரியமா நாலு கேள்வி கேக்க முடியும்."

சார் அந்த நோட்டுகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தட்டச்சு இயந்திரத்தில் என் விரல்கள் நின்றுபோயிருந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

மேஜை டிராயரைத் திறந்தார். கம்பெனியின் விண்ணப்பத் தாள்கள் அதில்தான் இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மூடினார்.

"வர்றவங்களுக்கெல்லாம் ஒரு கம்பெனியைச் சொல்றனுங்க. உங்களுக்கு அதைச் சொல்லல. அங்க போடாதீங்க."

"ஏன் சார்?"

"ஆளு அனுப்புனா அவங்க எனக்குக் கமிஷன் குடுக்கறாங்க. இப்ப அதையும் கூட்டிக் குடுக்கறேங்கறாங்க. நல்லா நடக்கற கம்பெனி எதுக்குங்க எனக்கு அத்தனை குடுக்கோணும்? பணத்துக்குத் தவிக்கறாங்கன்னு எனக்குப் படுது."

மாமா தலையாட்டினார். கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "அப்ப ஏற்கெனவே அங்க போட்டவங்களுக்கு இதைச் சொல்லியாச்சா சார்?"

சார் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

அதன் பிறகு மாமாவின் விஷயத்துக்கு வந்தார்கள். காந்தலூரில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட மாமாவுக்கு ஆசை. சார் வேண்டாம் என்றார். "நீங்க தேயிலைய அறிஞ்சவரு. பூண்டு போட்டுப் பாத்தவரில்லை. அப்படியே எறங்கறதா இருந்தாலும் பாதிப் பணத்தைத் தபாலாபீஸ்ல போட்டு வைங்க. வட்டி கம்மிதான். அதைத் தொடாதீங்க." நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் முகம் பார்த்துப் பேசிய முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

மாமா போனதும் சார் என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நீ சொல்லிக் குடுத்தியா அம்மிணி?"

"காசு குடுத்துக் கேளுங்கன்னு மட்டும்தான் சொன்னேன் சார்."

மேஜையிலிருந்த நோட்டுகளை எடுத்து டிராயரில் வைத்தார். "நாளைக்கு ஆபீசைப் பூட்டிட்டுப் போலாம். நீயும் எங்கூட வா. தனியாப் போனா நான் பாதி வழியில திரும்பிருவேன்."

மறுநாள் முதல் வீடு வீடாகப் போனோம். பஸ் போகிற ஊருக்குப் பஸ்ஸில், போகாத இடத்துக்கு வாய்க்கால் வரப்பில் நடந்து. எல்லா வீட்டிலும் எங்களைப் பார்த்ததும் பாய் விரித்தார்கள், மோர் கொண்டுவந்தார்கள். பணத்தை எடுத்துவிடுங்கள் என்று சார் சொன்னதும் முகம் மாறிப்போகும். காரணம் கேட்பார்கள். கமிஷன் விஷயத்தைச் சார் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும். சிலர் திட்டினார்கள். சிலர் கொண்டுவந்த மோரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஆனால் பெரும்பாலோர் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் சின்னச்சாமி என்று ஒரு விவசாயி. கிணற்றுப் பாசன நிலம், கடலையும் சோளமும். மழை மறைவுப் பக்கம் என்பதால் கிணறுதான் அங்கே உயிர். அவர் கிணறு வற்றிக்கொண்டு வந்தது. அதை ஆழப்படுத்தி மோட்டார் வைக்க வேண்டும் என்று மேட்டுப்பக்கத்து நிலம் ஒன்றை விற்றிருந்தார். வேலை தொடங்கும்வரை பணத்தை எங்கே வைப்பது என்று கேட்டுத்தான் சாரிடம் வந்தார். சார் அந்தக் கம்பெனியைச் சொன்னார். வட்டி வர ஆரம்பித்ததும் சின்னச்சாமி கிணற்று வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார். தொகை இன்னும் கொஞ்சம் பெருகட்டும் என்ற எண்ணம்.

நாங்கள் போனபோது காளைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காளைகள், நல்ல ஜோடி. சார் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"ஏனுங்க, மாசாமாசம் வட்டி தவறாம வருதுங்க. நீங்கதானுங்களே போடச் சொன்னீங்க?"

"ஆமாங்க. இப்ப எடுக்கச் சொல்றதும் நாந்தானுங்க."

"அப்ப எதுக்குங்க போடச் சொன்னீங்க?"

"அப்ப எனக்கு அவங்க காசு குடுத்தாங்க."

சின்னச்சாமி காளையின் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

"இப்ப ஆருங்க குடுக்கறாங்க?"

சார் திகைத்துப் போனார். "ஆரும் குடுக்கலீங்க."

"அப்பவும் ஆரும் குடுக்கலைன்னுதானுங்க நான் நெனச்சேன். ஊரே நெனச்சுது. இப்ப வேற கம்பெனிக்காரன் வந்திருப்பான். இங்கிருந்து எடுத்து அங்க போடச் சொல்வீங்க."

"அப்படியில்லீங்க. பேங்குல போடுங்க. இல்லாட்டி நாளைக்கே கெணத்துல எறக்குங்க. எங்கயும் போடச் சொல்லி நான் வரல."

"சரிங்க. யோசிக்கறனுங்க." பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாக வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நான் மனது கேட்காமல் பின்கட்டுக்குப் போனேன். அவர் மனைவி ராமாத்தாள் கடலைச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. சார் சொல்றது நெசம்" என்றேன்.

"நெசமாட்டத்தான் தெரியுது அம்மிணி. ஆனா எங்கூட்டுக்காரரு ஒருக்கா ஒரு ஆளை நம்பி ஏமாந்துட்டமுன்னு தெரிஞ்சா, மறுக்கா அந்த ஆளு சாமி மேல சத்தியம் பண்ணுனாலும் நம்ப மாட்டாரு. அதை என்னால மாத்த முடியாது."

திரும்பி வருகிற வழியில் சார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எத்தனையோ ஊட்ல திட்டுனாங்க. இவரு திட்டவே இல்லை பாரு." திட்டினவர்கள் அவரை இன்னும் நம்பினார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

உடனே கம்பெனி இடிந்து விழுந்தது என்று சொன்னால் கதை எளிதாக முடியும். அப்படி நடக்கவில்லை. மாதங்கள் போயின. கம்பெனி வட்டி கொடுத்துக்கொண்டே இருந்தது. பணத்தை எடுத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் வட்டி வாங்குவதைப் பார்த்துக் கசந்தார்கள். "அந்த மனுசன் பேச்சைக் கேட்டு வந்த லட்சுமிய வெரட்டியுட்டோம்" என்று கடைவீதியில் பேசினார்கள். கம்பெனி ஆள் வந்து அவதூறு வழக்குப் போடுவோம் என்று மிரட்டிவிட்டுப் போனார். விற்பனை வரிக் கணக்கு கொடுக்கிறவர்களும் குறைந்தார்கள். எனக்கு அரைச் சம்பளம்தான் வந்தது. சார் வாசலில் மறுபடியும் போர்டை மாட்டினார், கட்டணத்தோடு. ஒருவரும் வரவில்லை.

அந்த நாட்களில் எனக்கே சந்தேகம் வந்தது. சார் தவறாகக் கணித்துவிட்டாரோ, நல்ல கம்பெனியைக் கெடுக்கப் பார்த்தோமோ என்று. நீங்களும் இந்த இடத்தில் ஒருநாள் நிற்பீர்கள். சரியான யோசனை பல மாதங்களுக்குத் தவறான யோசனை மாதிரியே இருக்கும். அதுவரை ஏச்சைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது காந்தலூரில் யேசுவடியான் மாமாவைப் பார்த்தேன். சார் வேண்டாம் என்று சொல்லியும் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தார். முதல் பூண்டு மழையில் அழுகிப்போயிருந்தது. மண் சுவர் வீடு. வாசலில் மறுநடவுக்கு விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். மாமியின் முகத்தில் வருத்தம் இருந்தது. அவர் முகத்தில் அவ்வளவாக இல்லை.

"சார் சொன்னதைக் கேட்டிருக்கலாம் மாமா" என்றேன்.

"பாதி கேட்டேம்லா. தபாலாபீசுல இருக்கத நான் தொடல. அதை வச்சுத்தான் கஞ்சி குடிக்கோம். மீதி நானாச் செஞ்சது. மழை வரும்னு பக்கத்துக் காட்டுக்காரன் சொன்னான், நாந்தான் ஒரு வாரம் பொறுப்போம்னு நின்னேன். நட்டந்தான். ஆனா எதுல தப்புனேன்னு எனக்குத் தெரியுது புள்ள. அடுத்த போகம் அதைச் செய்ய மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த போகம் சுமாராக வந்தது, அதற்கடுத்தது நன்றாக வந்தது. பெரிய பணக்காரர் ஆகவில்லை. கடைசிவரை அந்த வீட்டில் இருந்தார்.

உங்கள் தோழியின் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதிலில் ஒரு பகுதி மாமாதான். தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களை இளக்காரமாக நினைக்காதீர்கள். அவர்களுக்கு நஷ்டம் வரும். ஆனால் அந்த நஷ்டத்தில் அவர்கள் எதையாவது கற்றுக்கொள்வார்கள். நம்மிடம் வந்து கேட்கிறவர்களுக்கு அந்தக் கல்வி கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக நாம் கொடுக்க வேண்டியது நேர்மையான பேச்சு. அதற்குத்தான் கட்டணம். அவர்களிடம் நேராக வாங்குங்கள், எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லி வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். வேறொருவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இவர்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்து வந்த கோடை தொடங்கும்போது கம்பெனியின் கதவு மூடியது. பூட்டு, அதன் மேல் ஒரு நோட்டீஸ். எல்லை தாண்டி ஜனங்கள் போய் வாசலில் நின்றார்கள். சாரும் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தார். பணத்தை எடுத்தவர்கள் அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராகப் படியேறி வந்து கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு எதையும் அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. "சின்னச்சாமி எடுத்தாருங்களா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். எடுக்கவில்லை என்று தெரிந்தது.

அவர் வீட்டுக்குப் போகச் சாருக்குத் துணிவு வரவில்லை. வேலந்தாவளம் சந்தையன்று சின்னச்சாமி மாடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அவருடைய டெபாசிட்டுக்காகக் கம்பெனியிடம் வாங்கிய கமிஷனைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். போன பணத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதைக் கொடுக்கத்தான் போனோம்.

சந்தை நிறைய மாடுகள், புழுதி, சாணி வாடை. தண்ணீர் இல்லாத வருஷம் என்பதால் விற்க வந்தவர்கள் அதிகம், வாங்குகிறவர்கள் கம்மி. தரகர்கள் துண்டுக்கு அடியில் கைவிரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விற்கிறவரிடமும் தரகு வாங்குவார்கள், வாங்குகிறவரிடமும் வாங்குவார்கள். அது சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே பேசுவதால் அவர்களால் யாரும் ஏமாந்ததாகச் சொல்வதில்லை.

சின்னச்சாமி ஒரு புளியமரத்தடியில் அந்த வெள்ளைக் காளைகளோடு நின்றிருந்தார். கிணறு முழுக்க வற்றிவிட்டது. உழவுக்கு வழியில்லாதபோது காளைக்குத் தீனி எங்கிருந்து வாங்குவது? ஒரு தரகர் அவர் கையைப் பிடித்து விலை சொல்லிவிட்டு, பதிலுக்காகச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

சார் போய்க் கும்பிட்டார். சின்னச்சாமியும் கும்பிட்டார். சார் கவரை நீட்டி அது என்ன பணம் என்று சொன்னார். வாங்க மாட்டார், தூக்கி எறிவார் என்று நான் நினைத்தேன். அவர் வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

சார்தான் பேசினார். "நான் மட்டும் அன்னைக்கு அந்தப் பேரச் சொல்லாம இருந்திருந்தா..."

"உடுங்க. எடுக்கச் சொல்லி வந்தீங்களே, நாந்தானுங்க கேக்கல." சின்னச்சாமி காளையின் திமிலைத் தடவினார். தரகரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தரகர் சொன்ன விலையைச் சாரிடம் சொன்னார். "நீங்க சொல்லுங்க. இந்த வெலைக்குக் குடுத்தர்லாமுங்களா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நம்பிக்கை கெட்டுப்போன பிறகும், படித்த ஆள் ஒருத்தர் எதிரில் நின்றால் கேட்டுவிடுகிற பழக்கம் அது. சொந்தமாக முடிவெடுத்து நொந்துபோன மனிதருக்கு யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

சார் காளைகளைப் பார்த்தார். தரகரைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவது அவருக்கு எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அத்தனை வருஷமும் அதுதானே அவர் தொழில்.

"எனக்கு மாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க," என்றார்.

சின்னச்சாமி மெதுவாகத் தலையாட்டினார்.

"அன்னைக்கே இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க," என்றார். பிறகு தரகரைக் கைகாட்டி அழைத்து, துண்டுக்கு அடியில் கையை நீட்டினார்.